மாவு மில்லிலிருந்து முப்பத்திரண்டு அடி

ரோட்டில் நடந்துபோகிறவன் பின்னால் சைக்கிள் மணி அடித்தால் என்ன செய்வான்? திரும்பிப் பார்ப்பான், அல்லது பார்க்காமலே கொஞ்சம் நகர்ந்து கொடுப்பான். எங்கள் ஊரில் பாதிப் பேர் அதுகூடச் செய்வதில்லை. மல்லப்பன் அப்படியில்லை. மணிச் சத்தம் கேட்ட இடத்திலேயே நின்றுவிடுவான். தாரை விட்டு மண்ணில் இறங்கி, தலையில் முட்டைக்கோஸ் மூட்டை இருந்தாலும் அதைக் கீழே வைத்துவிட்டு, அந்தச் சைக்கிள் கண்ணுக்கு மறையும்வரை அதன் முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். நாலு வருஷமாக இதை என் கடையிலிருந்து பார்த்திருக்கிறேன்.

நான் மைசூர் அக்ரஹாரத்தில் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருக்கிறவன். பெயர் ஆறுமுகசாமி. தெருவுக்கு சாமியண்ணன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று என் வீட்டில் சொல்வார்கள். மல்லப்பன் இப்படி ஆனதில் அந்த வாய்க்கும் பங்கு இருக்கிறது. அதனால்தான் அவனைப் பற்றி எழுத உட்கார்ந்தேன்.

மல்லப்பன் மாதேஸ்வரன் மலைக்குக் கீழே ஹனூர்ப் பக்கத்துக்காரன். இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம். மழை பெய்தால் ராகி, பெய்யாவிட்டால் ஒன்றுமில்லை. தார் ரோடு போடும் வேலைக்கு மைசூருக்கு வந்தவன், பத்து வருஷத்தில் மேஸ்திரி ஆகிவிட்டான். அவன் கீழே இருபது பேர். எல்லாரும் அவன் ஊர், பக்கத்து ஊர், பாதிப் பேர் சொந்தக்காரர்கள். தார் டிரம்முக்கு அடியில் விறகை மட்டும் வைத்தால் லேசில் சூடேறாது. நடுவே இரண்டு பழைய டயரைச் சொருகினால் குபுகுபுவென்று பிடித்துக்கொள்ளும். தேய்ந்துபோன டயர்கள் என் கடையில் குவிந்து கிடக்கும். "ஏனுங் சாமியண்ணா, டயரு இருக்குங்களா?" என்று வந்து நிற்பான். அப்படித்தான் எங்களுக்குப் பழக்கம்.

நல்ல வேலைக்காரன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜல்லி பரப்பினதும் ரோட்டில் குப்புறப் படுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மட்டம் பார்ப்பான். கால் விரல்கடை மேடு இருந்தாலும் சுரண்டி எடுக்கச் சொல்வான். அவன் போட்ட ரோட்டில் மழைத்தண்ணீர் நிற்காது.

மைசூரில் ரோடு போடுவதற்கு ஒரே ஒரு காலம்தான் உண்டு. தசராவுக்கு முந்தின பதினைந்து நாள். வருஷம் பூராவும் பள்ளத்தில் விழுந்து எழுந்திருக்கிற நாங்கள் அந்தப் பதினைந்து நாளில் விருந்தாளிக்குக் காத்திருக்கிற வீட்டுக்காரர்கள் ஆகிவிடுவோம். பழைய தாரைச் சுரண்டி எடுக்க யாருக்கும் நேரம் இருக்காது. தோசைக்கு மேல் தோசை வார்ப்பது மாதிரி பழைய தாருக்கு மேலேயே புதுத் தார். ரோடு உயர்ந்துகொண்டே போகும். ஓரத்து மண் மழையில் கரைந்து தாழ்ந்துகொண்டே போகும்.

அதைச் சரிக்கட்டத்தான் ஓரம் கட்டுவது என்று ஒரு வேலை இருக்கிறது. தார் ஆறினதும் இரண்டு பக்கமும் சரளை மண்ணைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்து, மண்ணைத் தார் மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். ரோட்டு வேலையில் கடைசி வேலை அது. லாரிக்கும் பஸ்ஸுக்கும் அது இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. நடக்கிறவனுக்கும் சைக்கிள்காரனுக்கும் அந்த ஓரம்தான் ரோடு.

தொண்ணூற்று ஐந்தாம் வருஷம் எங்கள் தெருவில் மல்லப்பனின் ஆட்கள் தார் போட்டு முடித்தது மகாளய அமாவாசைக்கு முந்தின நாள் சாயங்காலம். மறுநாள் ஓரம் கட்டியிருக்க வேண்டும். ஆனால் அந்த அமாவாசையன்று ஹனூர்ப் பக்கத்து ஆளை மைசூரில் நிறுத்திவைக்க யாராலும் முடியாது. மாதேஸ்வரன் மலைக்குப் போயே தீர வேண்டும். கூலி போனாலும் போகட்டும், வேலையே போனாலும் போகட்டும். மல்லப்பனும் இருபது பேரும் விடியும்போதே பஸ் ஏறிவிட்டார்கள். "ரெண்டே நாளுங்க. வந்த கையோட ஓரத்தக் கட்டிப்போடறனுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனான். நான் கேட்கவில்லை, அவனாகச் சொன்னான்.

சொன்னபடி இரண்டாம் நாள் வந்தான். ஆனால் பஸ்ஸ்டாண்டிலேயே ஒப்பந்தக்காரர் லாரியோடு நின்றிருந்தார். ஆட்களை அப்படியே ஏற்றி தேவராஜ மொஹல்லா பக்கத்தில் வேறொரு வேலைக்குக் கொண்டுபோய்விட்டார். ஓரத்தைத் தசராவுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், ஓரத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்றாராம். மல்லப்பன் எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருக்கலாம் என்று பிற்பாடு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறான்.

எங்கள் தெருவின் பின்சந்தில் நாச்சம்மாள் என்று ஒருத்தி. கொள்ளேகாலிலிருந்து வந்தவள். புருஷன் போன பிறகு ஊதுபத்தி உருட்டி ஒரே மகளை வளர்த்தவள். மகள் பூங்குழலிக்கு அப்போது பத்தொன்பது வயது. தேவராஜ மார்க்கெட்டில் ஒரு பூக்கடையில் மாலை கட்டும் வேலை. தினமும் சைக்கிளில் போய் வருவாள். ஆயுத பூஜையன்று சைக்கிளை என் கடைக்குக் கொண்டுவந்து, "மாமா, பிரேக் ஸ்வல்ப டைட் பண்ணிக் கொடுங்க" என்றாள். செய்து கொடுத்தேன். அவள் தன் கையால் கட்டின செவ்வந்தி மாலையை ஹேண்டில்பாரில் சுற்றிவிட்டு, மணியை இரண்டு முறை அடித்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் விஜயதசமி. ஊர்வலத்துக்காகப் பெரிய ரோடுகளையெல்லாம் அடைத்துவிட்டார்கள். எந்நாளும் பஸ்ஸைப் பார்த்திராத எங்கள் தெருவில் வெளியூர் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பின. காலை எட்டு மணி இருக்கும். பூங்குழலி கடைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பின்னால் வந்த பஸ்ஸுக்கு வழிவிட ஒதுங்கியிருக்கிறாள். மாவு மில்லைத் தாண்டின இடத்தில் முன்சக்கரம் தாரிலிருந்து மண்ணில் இறங்கிவிட்டது. அங்கே ஒரு ஜாண் பள்ளம். சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், அப்படி இறங்கின சக்கரத்தை ஓடுகிற வேகத்தில் திரும்ப ஏற்றக் கூடாது. ஏற்றப் பார்த்தால் சக்கரம் விளிம்பில் உரசும், வண்டி ரோட்டுப் பக்கமாகவே சாயும். அவள் ஏற்றப் பார்த்திருக்கிறாள். பஸ்ஸின் பின்சக்கரத்தை நான் விவரிக்கப்போவதில்லை.

எட்டு நாள் கழித்து மல்லப்பன் டயர் கேட்டு வந்தான். பூங்குழலியின் சைக்கிள் என் கடைச் சுவரில் சாய்ந்திருந்தது. நாச்சம்மாள் அதைப் பார்க்கக் கூடாதென்று தெருக்காரர்கள் என்னிடம் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். மாலை அப்படியே காய்ந்து கிடந்தது.

"யாரு வண்டிங்க இது? ரிம்மு இப்படி மடங்கிக் கெடக்குது."

அவன் நல்ல மனதோடுதான் கேட்டான். எனக்கு எட்டு நாளாக யார்மேலாவது எரிந்து விழ வேண்டும்போல இருந்தது. ஆள் வந்து வசமாக நின்றான்.

"நீ ஓரம் கட்டாம போட்டியே ஒரு ரோடு, அதுல போன பொண்ணோட வண்டி. நீ மாதேஸ்வரனைப் பார்க்க மலைக்குப் போன. அவ மாதேஸ்வரன்கிட்டயே போயிட்டா."

மல்லப்பன் டயரை எடுக்காமல் வெளியே போனான். மாவு மில்லைத் தாண்டிப் போய், குந்தி உட்கார்ந்து, கையை விரித்து விளிம்பின் உயரத்தை ஜாண் போட்டு அளந்தான். ஒரு முறை அளந்தால் போதாதா? நாலைந்து முறை அளந்தான். அதோடு ஆளைக் காணவில்லை.

அந்தச் சொல்லை நான் இன்றுவரை திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. வாங்க முடியாது என்பது வேறு விஷயம்.

மகளின் காரியமெல்லாம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நாச்சம்மாள் ஒரு இரும்புச் சட்டியில் மண் சுமந்துகொண்டு வந்தாள். பக்கத்துத் தெருவில் வீடு கட்டுகிற இடத்தில் கேட்டு வாங்கின மண். அதை மாவு மில்லைத் தாண்டி அந்த இடத்தில் கொட்டிவிட்டுப் போனாள். திரும்ப ஒரு சட்டி கொண்டுவந்தாள். மத்தியானம்வரை கொண்டுவந்தபடியே இருந்தாள். பாவம், புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறும் வந்தாள். இந்த முறை அந்த இடத்தோடு நிற்கவில்லை. அதிலிருந்து தெருக்கோடிக் கோயில்வரைக்கும் ஓரத்தில் கொட்டிக்கொண்டே போனாள். போகிற வழியில் என் கடை முன்னால் நின்றாள்.

"சாமியண்ணா, உங்க சைக்கிளை எல்லாம் உள்ள தள்ளி வையுங்க. சனம் நடக்கறதுக்கு இடமில்ல."

இருபது வருஷமாக என் சைக்கிள்கள் நிற்கிற இடம் அது. என் சொத்து மாதிரியே ஆகிவிட்டது. வேறு யாராவது சொல்லியிருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்குச் சரியில்லாமல் போயிருக்கும். அவளிடம் என்ன சொல்வது? முனகிக்கொண்டே தள்ளி வைத்தேன். என்னைப் பார்த்து மளிகைக்கடைக்காரர் மூட்டைகளை உள்ளே இழுத்தார். மேல்கோட்டையிலிருந்து வந்து குடியிருந்த சமஸ்கிருத வாத்தியார் ஒருவர் பஞ்சகச்சத்தோடு துடைப்பம் எடுத்துக்கொண்டு இறங்கினார். அவரைப் பார்த்து வெட்கப்பட்டே நாலு பேர் வந்தார்கள்.

மூன்றாவது ஞாயிறு மல்லப்பன் வந்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தான்; தார்க்கரி படிந்த முகத்தோடு மட்டும் பார்த்திருந்த தெருக்காரர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. எதிர்ப்பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நாச்சம்மாளிடம் போனான்.

"சும்மா கொட்டுனா நிக்காதுங்கக்கா. தண்ணி தெளிச்சு இடிக்கோணும்."

"எனக்கு அதெல்லாம் எங்க தெரியும். நீ யாரு தம்பி?"

"மார்க்கெட்டுல மூட்ட தூக்கறனுங்க."

பொய்யில்லை. தார் வேலையை விட்டுவிட்டு மார்க்கெட்டில் மூட்டை தூக்கத்தான் போயிருந்தான். நான் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. அவன் என்னை ஒரு தரம் பார்த்தான். நான் குனிந்து ட்யூபைத் தேய்க்க ஆரம்பித்தேன். அந்த நிமிஷத்திலிருந்து நானும் அவனோடு சேர்ந்துகொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆள் வந்த பிறகு வேலையின் லட்சணமே மாறிவிட்டது. எந்த மண் நிற்கும், எது கரையும், எத்தனை இடி இடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தான். மழைக்கு முன் ஓரம், மழைக்குப் பின் மறுபடியும் ஓரம். சாக்கடைமேல் கல் பாவினோம். விளிம்பிலிருந்து இரண்டு முழம் உள்ளே தள்ளி சுண்ணாம்பால் ஒரு வெள்ளைக் கோடு போட்டோம், சைக்கிள்காரர்களுக்கு. ஆட்டோக்காரர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு கோட்டை மதித்தார்கள். வயதானவர்கள் சாயங்காலம் பயமில்லாமல் நடக்க ஆரம்பித்தார்கள். மற்றத் தெருக்காரர்கள் பார்க்க வந்தபோது நான் ஏதோ எல்லாம் என் யோசனை என்பது மாதிரி நின்று விளக்கினேன்.

மல்லப்பனை எல்லாரும் மேஸ்திரி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நாச்சம்மாள்தான் முதலில் கூப்பிட்டாள், பாசத்தோடு. அவள் அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் அவன் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்காது. மத்தியானம் அவளே அவனுக்குச் சாப்பாடு போடுவாள். "என் பொண்ணு போறதுக்கு முன்னாடி நீ இந்தத் தெருவுக்கு வந்திருக்கக் கூடாதா மேஸ்திரி" என்று ஒரு நாள் சொன்னாள். அவன் கையில் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அன்று அவனைத் தனியாகக் கூப்பிட்டுத் திட்டினேன். "சொல்லித் தொலைச்சுடேன். ஏன் இப்படிச் சாகற?"

"சொல்லிப்போட்டா என்னைய இங்க மண்ணு போட விடமாட்டாங்கண்ணா. இதுவும் இல்லீனா நா என்ன பண்ணுவனுங்க?"

அதுதான் அவன் நிலைமை. சொல்லாமல் இருக்க முடியவில்லை, சொன்னால் அந்த ஓரம் கையை விட்டுப் போய்விடும். அந்த ஓரத்தில்தான் அவன் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் அவன் மனைவி சித்தம்மா ஊரிலிருந்து என்னைத் தேடி வந்தாள். "ஏனுங்கண்ணா, எங்கூட்டுக்காரருக்கு என்ன ஆச்சுங்க? ஊருக்கு வந்தாக்கூடப் பால்காரரு மணியடிச்சா வேலியோரம் போயி நின்னுக்கறாரு. மலைக்கு வரமாட்டேங்கறாரு. தார்ச்சூடு தலைக்கு ஏறிப்போச்சுன்னு சொல்றாங்களே, நெசமுங்களா?" ஆமாம், தார்ச்சூடுதான் என்றேன். நாச்சம்மாள் முன்னால் குனிந்துகொண்டது முதல் பொய் என்றால் இது இரண்டாவது. அவள் என் பேச்சை நம்பி, தலையில் வைக்க நல்லெண்ணெய் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மணியைப் பற்றி அவனிடம் ஒரு தரம் கேட்டேன். சொல்லமாட்டான் என்று நினைத்தேன், சொன்னான். "மணிச் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தா சைக்கிளு வரும். அது பரவால்லீங்க. சில சமயம் திரும்பிப் பார்த்தா ஒண்ணும் வர்றதில்லீங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் கடையின் பின்னறையில் அந்தச் சைக்கிள் இன்னும் இருந்தது. யாரும் கேட்கவும் இல்லை, எனக்குப் பிரித்து விற்க மனசும் வரவில்லை. ஒரு மத்தியானம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அங்கிருந்து மணி இரண்டு முறை அடித்தது. எலியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். சைக்கிள் மணியின் நெம்புகோலை அழுத்துகிற எலியை நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பிறகு பின்னறையில் உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டுவிட்டேன்.

தொண்ணூற்று ஏழில் தசராவுக்கு முன்னால் எங்கள் தெருவுக்கு மறுபடியும் தார் போடப்போகிறார்கள் என்று தெரிந்தது. நாங்கள் இரண்டு வருஷமாகக் கட்டின ஓரம் மறுபடியும் பள்ளமாகிவிடும். அந்த ஞாயிறு நாச்சம்மாள் என் கடை முன்னால் மல்லப்பனைப் பிடித்துக்கொண்டாள்.

"மேஸ்திரி, இந்த ரோட்டுக்கு நீயே ஆள் வச்சுப் போடு. ஒப்பந்தக்காரர் கால்ல விழுந்தாவது நான் கேக்கறேன். வேற எவன் வந்தாலும் ஓரத்தை விட்டுட்டுத்தான் போவான். போன தடவை போட்ட பாவி மாதிரி."

மல்லப்பன் சட்டியைக் கீழே வைத்தான். வைத்தவன் அவள் காலருகில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அந்தப் பாவி நான்தானுங்கக்கா."

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். அமாவாசை, மலை, பஸ்ஸ்டாண்டில் நின்ற லாரி, எதிர்த்துப் பேசாமல் ஏறினது. எதையும் தனக்குச் சாதகமாகச் சொல்லவில்லை. நாச்சம்மாள் நின்றபடியே கேட்டாள். முடிந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்குத் தெரியுமா சாமியண்ணா?"

"தெரியும்" என்றேன்.

அவள் திட்டியிருந்தால், மண்ணை வாரித் தூற்றியிருந்தால் எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சட்டியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். தெருவில் வேறு ஒருவரிடமும் அவள் இதைச் சொல்லவில்லை. சொல்லாததுதான் எங்கள் இருவரையும் அரித்தது.

யாரோ புது ஆட்கள் வந்து தார் போட்டார்கள். ஓரத்தை விட்டுவிட்டுத்தான் போனார்கள். மறுநாள் மகாளய அமாவாசை. ஹனூர்க்காரர்கள் எல்லாரும் மலையில் இருக்கிற நாள், மல்லப்பன் மட்டும் விடிந்ததிலிருந்து எங்கள் தெருவில் குனிந்து மண் கொட்டி இடித்துக்கொண்டிருந்தான். யாரையும் துணைக்குக் கூப்பிடவில்லை. பத்து மணிக்கு மாவு மில்லைத் தாண்டிவிட்டான். அப்போது நாச்சம்மாள் சட்டியோடு வந்தாள். மூன்று வாரம் கழித்து அப்போதுதான் அவளைத் தெருவில் பார்த்தேன். அவனுக்கு முன்னால் ஓரத்தில் நாலு முழ நீளத்தைக் காலால் கோடு கிழித்துக் காட்டினாள்.

"இங்க மட்டும் நீ போடாத. இங்க நான் போடறேன்."

அவன் எழுந்தான், அந்த நாலு முழத்தைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் வேலையைத் தொடர்ந்தான்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை அவன் தெருவின் ஓரம் முழுக்கப் பார்ப்பான், அந்த நாலு முழத்தைத் தொடமாட்டான். அவள் வந்து அதை மட்டும் நிரப்பி, இடித்து, செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவாள். இருவருக்கும் பேச்சு கிடையாது. மேஸ்திரி என்று அவள் கூப்பிடுவதும் நின்றுபோனது. என்னிடம் தலையசைப்பாள், அவ்வளவுதான்.

தொண்ணூற்று ஒன்பது ஆடி மாதம் ஒரு வாரம் விடாமல் மழை பெய்தது. அதற்குச் சில நாள் முன்னால்தான் நாச்சம்மாள் சந்தில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டிருந்தாள். மாவுக்கட்டுப் போட்டு வீட்டோடு கிடந்தாள். தெருவின் ஓரம் அத்தனை மழையிலும் நின்றது. அந்த நாலு முழம் மட்டும் அரித்துக்கொண்டு போய்விட்டது. தாரின் விளிம்பு மொட்டையாக, ஒரு ஜாண் உயரத்துக்கு, தொண்ணூற்று ஐந்தில் இருந்த அதே மாதிரி.

திங்கட்கிழமை காலை கடையைத் திறந்தால், மல்லப்பன் அந்தப் பள்ளத்தில் நின்றுகொண்டிருந்தான். தலையில் கோணிச் சாக்கு. பக்கத்தில் சட்டி நிறைய மண், மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு மூடியிருந்தது. சைக்கிள் வந்தால் கையை நீட்டிச் சுற்றிப் போகச் சொல்வான். மார்க்கெட்டுக்குப் போகவில்லை. ஒன்பது மணிக்கும் நின்றான், பன்னிரண்டு மணிக்கும் நின்றான். மழை விட்டுவிட்டுக் கொட்டியது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு போனேன்.

"கிறுக்குப் பிடிச்சிருக்கா? மண்ணு பக்கத்துல இருக்கு. கொட்டி இடிச்சா பத்து நிமிஷ வேலை."

"அவங்க சொல்லாம நா போட மாட்டனுங்க."

"அவங்க கை ஒடிஞ்சு கிடக்கறாங்கடா."

"அதுக்குத்தான் நிக்கறனுங்க."

மூன்று மணிக்கு நாச்சம்மாளின் வீட்டுக்குப் போனேன். ஒரு கையால் ஊதுபத்தி உருட்டப் பார்த்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். காலையிலிருந்து நிற்கிறான் என்றேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"நான் ஒண்ணு சொல்றேன் சாமியண்ணா. யாருக்கும் தெரியாது. அந்த இடத்தை நான் முழுசா நிரப்பினதே இல்ல. ரெண்டு விரல்கடை பள்ளம் விட்டுத்தான் ஒவ்வொரு தடவையும் இடிப்பேன். செருப்பைக் கழட்டிட்டு நடந்தா அந்தப் பள்ளம் கால்ல படும். என் பொண்ணு விழுந்த இடம் அதுதான்னு தெரியும். அவன் போட்டா மட்டமாப் போட்டுடுவான். அப்புறம் அந்த இடம் எதுன்னு எனக்குத் தெரியாமப் போயிடும்னு பயந்துட்டேன்."

நான் குடையைச் சாய்த்து வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தேன்.

"ரெண்டு விரல்கடையில தண்ணி நின்னுதான் அரிச்சிருக்கும். இல்லையா? அவன் கட்டின இடமெல்லாம் நிக்குது. நான் போட்டதுதான் போச்சு." மாவுக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "இன்னொரு பொண்ணு அதுல விழுந்திருந்தா அந்தப் பாவி யாரு? நான்தானே?"

மூலையில் கவிழ்த்து வைத்திருந்த இரும்புச் சட்டியை எடுத்து என்னிடம் கொடுத்தாள். மழையில் குடை பிடித்து அவளை அழைத்துக்கொண்டு போனேன். மல்லப்பன் எங்களைப் பார்த்ததும் கையை இறக்கினான். அவள் சட்டியை அவன் முன்னால் வைக்கச் சொன்னாள்.

"போடு மேஸ்திரி. மட்டமா போடு."

இரண்டு வருஷத்தில் அவனோடு அவள் பேசின முதல் வார்த்தை. அவன் அழுதானா, மழையா என்று எனக்குத் தெரியாது. தன் சட்டி மண்ணை அவள் சட்டிக்கு மாற்றி, அதிலிருந்து கொட்டினான். மழை கொஞ்சம் விட்டது. ஞாயிற்றுக்கிழமை வேலைக்கென்று என் கடையோரம் குவித்திருந்த சரளையும் போயிற்று, மாவு மில்காரர் இரண்டு கூடை கொண்டுவந்தார். இடித்து முடித்து, பழைய வழக்கப்படி குப்புறப் படுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மட்டம் பார்த்தான். ஒரு கைப்பிடி மண் வைத்துத் தட்டினான். எழுந்து விலகி நின்றான்.

நாச்சம்மாள் செருப்பைக் கழற்றினாள். ஓரத்தில் மெதுவாக நடந்து பார்த்தாள். கோயில் பக்கம் போனாள், திரும்பி வந்தாள். காலால் தடவித் தடவி நடந்தாள். எங்கேயும் எதுவும் படவில்லை. ஈர மண் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருந்தது. நடுவில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தாள். அவள் முகத்தில் நான் பார்த்த பயத்தை இனி ஒரு தாயின் முகத்திலும் பார்க்க வேண்டாம்.

"எங்க இருந்துச்சு?" என்றாள். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை.

மல்லப்பன் மாவு மில்லின் சாக்கடைக் கல்வரை போனான். அங்கிருந்து அடிமேல் அடி வைத்து, உதடு அசைய எண்ணிக்கொண்டே வந்தான். முப்பத்திரண்டாவது அடியில் நின்றான்.

"இங்கதானுங்கக்கா. வாரா வாரம் எண்ணியிருக்கனுங்க."

அவன் நகர்ந்துகொண்டான். அவள் வந்து அந்த இடத்தில் நின்றாள். பின்னால் மணி அடித்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பெண் ஒருத்தி, நிஜமான சைக்கிள். மல்லப்பன் வழக்கம்போலக் காலை எடுத்து மண்ணில் இறங்கப் போனான். அங்கே இறங்குவதற்குப் பள்ளம் இல்லை. அவன் கட்டின ஓரம்தான் இருந்தது. ஒரு நிமிஷம் தடுமாறி நின்றான்.

மணிச் சத்தம் அவனை விட்டுவிட்டதா என்று கேட்பீர்கள். விடவில்லை. என்னையும் விடவில்லை. அந்தச் சைக்கிள் இன்னும் என் பின்னறையில்தான் இருக்கிறது. ஒன்று மட்டும் மாறியது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நாச்சம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு மல்லப்பனிடம் வந்து நின்று, எந்த இடம் என்று கேட்பாள். அவன் மாவு மில்லிலிருந்து எண்ணிக்கொண்டு வந்து காட்டுவான்.